டர்போ அத்தையும் அணையாத மஞ்சள் விளக்கும்

டர்போ அத்தைக்கு அந்தப் பெயரை வைத்தவள் அவளுடைய தம்பி மகள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அதைக் கேட்டதும் அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவள் வேலை பார்க்கும் பாட்டில் தொழிற்சாலையிலும் அவளுக்கு அதுதான் பெயர். அவளைவிட மூத்தவரான மேனேஜர்கூட "அத்தை" என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு இவள் எந்த முறையில் அத்தை என்று யாரும் கேட்டதில்லை.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா ஓட்டுகிற சாதுவான வண்டி, வெளிறிய நீலம், கதவில் ஒரு நெளிசல். மூடியைத் தூக்கினால்தான் கதை தெரியும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதைக் கொண்டு எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற கருவிக்குத்தான் டர்போ என்று பெயர். கம்பெனி வைத்துக் கொடுத்தது அத்தைக்குப் போதவில்லை. அதைக் கழற்றிப் பெரிதாக ஒன்றை மாட்டினாள். அதற்கேற்பக் காற்றைக் குளிர்விக்கும் பெட்டியை மாற்றினாள், தடித்த குழாய்களை மாற்றினாள், கடைசியில் வண்டியின் கம்ப்யூட்டருக்குள் இருந்த கணக்கையே மாற்றி எழுத வைத்தாள். எல்லாவற்றுக்கும் முறைப்படி அனுமதியும் வாங்கினாள். கூடப் படித்தவர்கள் நகையும் நிலமும் வாங்கிச் சேர்த்த வயதில் அத்தை குழாய் வாங்கிச் சேர்த்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோதுகூட வீட்டில் அவ்வளவு பேச்சு எழவில்லை.

காற்று அவளுக்குப் புதிதில்லை. இளவயதிலேயே தொழிற்சாலையின் கம்ப்ரசர் அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். உருகிய கண்ணாடியை ஊதிப் பாட்டிலாக்க அழுத்தமான காற்று வேண்டும். அந்தக் காற்று கட்டடம் முழுக்கக் குழாய்களில் ஓடும், எங்காவது கசிந்துகொண்டும் இருக்கும். கசிவைக் கண்டுபிடிப்பதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. சுவரோரமாகச் சும்மா நடந்து போவாள். "அந்த வளைவுக்கு மேல, ரெண்டாவது நட்டுல" என்பாள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். எல்லாம் காதாலேயே.

அந்தக் காதுதான் போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை. இத்தனை வருடம் கம்ப்ரசர்களுக்கு நடுவே பஞ்சு கூட வைத்துக்கொள்ளாமல் நின்றதற்கு, மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின. தடித்த சத்தங்கள் மட்டும் மிச்சம். எஞ்சினின் உறுமல் கேட்கும், அதுவும் பாதி முதுகெலும்பு வழியாகத்தான். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். தொழிற்சாலையில் சோப்புத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவி, நுரை வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். கேட்டவர்களிடம் இதுதான் விஞ்ஞான முறை என்று ஒரு போடு போட்டாள். யாருக்கும் எதுவும் தெரியாது என்று மனப்பூர்வமாக நம்பினாள்.

ஒருமுறை தம்பி வாய் தவறி, "ஏன்க்கா, கூப்புடுறது காதுல விழலையா?" என்று கேட்டுவிட்டான். அத்தைக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் குடியிருக்கும். பல நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டம் தானாகவே அமலுக்கு வந்தது. அத்தை முன்னால் சத்தத்தைப் பற்றிப் பேசக் கூடாது. மழை பெய்தால் "மழை பெய்யுது" என்பார்களே தவிர "இடி இடிக்குது" என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்துக் குரைத்து உயிரை வாங்கிய மாதத்தில்கூட, அத்தை வந்து உட்கார்ந்ததும் பேச்சு நாயை விட்டு வேறெங்கோ தாவிவிடும்.

இப்படியிருக்கையில்தான் மஞ்சள் விளக்கு வந்தது.

வண்டியில் ஏதோ கோளாறு என்று சொல்ல, முன்பலகையில் எஞ்சின் வடிவத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். என்ன கோளாறு என்பதைத் தெரிந்துகொள்ள அத்தையிடம் ஒரு கருவி இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் எழுத்து வரும். டர்போ ஊதும் காற்றின் அழுத்தம் போதவில்லை என்று வந்தது. அத்தை அதை அழித்தாள். நாலைந்து நாளில் மறுபடி வந்தது. அழித்தாள். வந்தது. கடைசியில் அதற்கும் அவளுக்கும் விடாக்கண்டன் கொடாக்கண்டன் உறவாகிவிட்டது.

மெக்கானிக் நல்ல மனிதர், அவள் வண்டியைத் தன் வண்டி போலப் பார்ப்பவர். அழுத்தத்தை அளக்கும் சென்சாரை மாற்றினார். விளக்கு வந்தது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். வந்தது. டர்போவின் பக்கத்தில் அழுத்தம் மிஞ்சாமல் திறந்து மூடும் கதவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். ஒரு வாரம் சும்மா இருந்து ஆசை காட்டிவிட்டுப் பிறகு வந்தது. கம்ப்யூட்டர் கணக்கு எழுதியவன், தப்பு மெக்கானிக் கையில்தான் என்றான். மெக்கானிக், தப்பு அவன் கணக்கில்தான் என்றார். நடுவில் அத்தை இரண்டு பேரையும் திட்டினாள்.

கசிவாக இருக்குமோ என்ற எண்ணம் முதலில் வந்தது மெக்கானிக்குக்குத்தான். குழாய்களுக்குள் புகையை விட்டு எங்காவது வெளியே வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அத்தை தன் பங்குக்கு, எஞ்சினை ஓடவிட்டு எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு நுரை இல்லை. அப்போது மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம பட்டறைத் தெரு சமதளம், இங்க ஓட்டிப் பாத்தா ஒன்னும் தெரியாது. நீங்க டெய்லி மேட்டுல ஏறுறீங்களே அக்கா, அப்ப புஸ்ஸுன்னு ஏதாவது சத்தம் வருதா?"

"ஒரு சத்தமும் வரலை" என்றாள் அத்தை. "கசிஞ்சா எனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான். உங்களுக்குத் தெரியாத கசிவா" என்று மெக்கானிக் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இதற்குள் வருடாந்திரத் தகுதிச் சோதனை வந்து நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தால் வண்டி தேறாது. வாசலில் வைத்து அழித்துவிட்டு உள்ளே போகலாம் என்றால் அதுவும் நடக்காது. அழித்தது அவர்கள் கருவியில் தெரிந்துவிடும். அழித்த பிறகு சில நாள் ஓட்டினால்தான் கம்ப்யூட்டர் தன்னைத் தயார் என்று காட்டும். அந்தச் சில நாளுக்குள் விளக்கு கடமை தவறாமல் வந்துவிடும். முதல் முறை தேறவில்லை. இரண்டாவது முறையும் தேறவில்லை. மூன்றாவது முறையும் தவறினால், மாற்றியதையெல்லாம் கழற்றிவிட்டுக் கம்பெனி சாமானைப் பூட்டிக்கொண்டுதான் சாலைக்கு வர வேண்டும். கம்பெனி சாமான்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய் வெகு காலமாகிவிட்டது. அதாவது, வண்டியின் கதை முடிந்த மாதிரிதான்.

"சின்னதா கியர் இல்லாத வண்டி ஒன்னு வாங்கிக்கலாம்க்கா. தலைவலியே இருக்காது" என்றான் தம்பி.

"தலைவலி வந்தா தலையையா மாத்துவாங்க?" என்று அத்தை வாயை அடைத்தாள்.

ஆனால் அந்த வாரம் விளக்கு மறுபடி எரிந்தபோது அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று. சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வித்துடலாம். என் கையிலதான் ஏதோ கோளாறு. எனக்கு இப்பல்லாம் வேலை சரியா வர்றதில்லை" என்றாள். காரைப் பற்றி மட்டும் அவள் அப்படிச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தவள் தம்பியின் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர், வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான். அவளுடைய பள்ளி மேட்டின் உச்சியில் இருந்தது. தினமும் காலையில் அத்தைதான் அவளை இறக்கிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவாள். மறுநாள் காலை வண்டி மேடேறிப் பள்ளி வாசலில் நின்றது. டீச்சர் இறங்கவில்லை. முக்கியமான எதையும் வண்டி நின்ற பிறகுதான், அத்தையின் முகத்துக்கு நேராகத் திரும்பித்தான் சொல்வாள்.

"அண்ணி, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேக்குறதுக்கு முன்னாடியே பீடிகையா? கேளு."

"இந்த மேட்டுல ஏறும்போது ஒரு சத்தம் வருமே…" டீச்சர் மென்று விழுங்கினாள். "ஸ்ஸ்ஸுன்னு. சைக்கிள் டியூப்ல காத்தைப் புடுங்கிவிட்ட மாதிரி. கியர் மாத்தும்போது புஸ்ஸுன்னு விடுற சாமான் ஒன்னு மாட்டிட்டு எங்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டினீங்களே, இதுவும் அந்த மாதிரி நீங்க ஆசையா வெச்சதுன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன். அது வெச்சதா அண்ணி, தானா வர்றதா?"

அத்தை அவள் உதடுகளையே பார்த்தாள். சரியாகத்தான் படித்திருக்கிறோமா என்று ஒரு சந்தேகம்.

"என்ன சத்தம்?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட பயம் டீச்சர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அத்தைக்குக் கோபம் கிளம்பிவிட்டது. கிளம்பி, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"முதல் பீரியட் இருக்கா உனக்கு?"

"இருக்கு. நான் வரலைன்னா புள்ளைங்க சந்தோஷமாத்தான் இருப்பாங்க."

"சரி, பெல்ட்டைப் போடு."

வண்டியைத் திருப்பி மேட்டின் அடிவாரத்துக்கு இறக்கினாள். "சத்தம் வந்தா என் தோளைத் தட்டு. நின்னா கையை எடுத்துடு" என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறந்தாள். மறுபடி மேடேறினாள். டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் முள் எழுந்தது. பாதி தூரம் எழுந்ததும் டீச்சரின் கை தோளில் விழுந்தது. அதே நொடியில் முள்ளும் தயங்கி அங்கேயே நின்றது. ஆக்சிலேட்டரை விட்டாள், கை எழுந்தது. மிதித்தாள், கை விழுந்தது, முள் நின்றது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு செய்வது போல இருந்தது.

அத்தை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். காற்று முகத்தில் அடித்தது. வேறு எதுவும் இல்லை.

மேட்டின் பாதியில் ஓரமாக நிறுத்தினாள். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"எனக்குக் கேக்கலை, டீச்சர்."

"தெரியும் அண்ணி."

"தெரியுமா? உனக்கா?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்னா?"

"வீட்டுல எல்லாருக்கும். பக்கத்து வீட்டுக்கு. போஸ்ட்மேனுக்கும் தெரியும். அதான் அவர் கதவைத் தட்டாம தோட்டத்துப் பக்கமா சுத்தி வந்து உங்க முன்னாடி நிக்குறாரு."

"அடிப்பாவி! அந்த ஆளு ரோஜாச் செடி பாக்க வர்றாருன்னுல்ல நெனச்சேன்!"

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏன்டி ஒருத்தரும் சொல்லலை?" என்று கேட்டாள்.

"சொன்னா பேச மாட்டீங்களே அண்ணி. நீங்க பேசாம இருந்தா வீடு வீடாவே இருக்காது."

அத்தை டீச்சரின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு வண்டியைப் பட்டறைக்கு விட்டாள்.

பட்டறையில் நேராக மெக்கானிக் முன்னால் போய் நின்றாள். தம்பி மனைவியிடம் சொல்வது ஒன்று, தன் காதைத் தெய்வம் போல நம்பின மனிதரிடம் சொல்வது வேறொன்று.

"நீ அன்னைக்குச் சத்தம் வருதான்னு கேட்டே. வரலைன்னு சொன்னேன். வந்திருக்கு. எனக்குத்தான் கேக்கலை. கொஞ்ச காலமாவே கேக்குறதில்லை."

மெக்கானிக் கையிலிருந்த துணியை இரண்டு முறை மடித்தார். "நானும் உங்களை ஒக்கார வெச்சு ஒரு தடவை மேட்டுக்கு வந்திருக்கணும் அக்கா. நீங்க இல்லைன்னுட்டீங்கன்னு விட்டுட்டேன். தப்பு என் மேலயும்தான்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், டீச்சரைப் பார்த்துச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார்.

"என் காலுக்கு நேரா முன்னாடி. கீழ."

வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அத்தை அடியில் நுழைந்து, குளிர்விக்கும் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த குழாயின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டே போனாள். கண்ணுக்குத் தெரியாத இடம். ஓரிடத்தில் விரல் நின்றது. நகத்தளவு கீறல். இரண்டு பக்கமும் பிதுக்கினால் வாயைத் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. வண்டி நிற்கும்போது புகை விட்டால் எப்படி வரும்? மேட்டில் முழு மூச்சாக ஏறும்போது எஞ்சின் அசைந்து, குழாய் உப்பி, அப்போதுதான் அது திறக்கும். குழாயைக் கீறியது பெட்டியைத் தாங்கும் இரும்புப் பட்டையின் விளிம்பு. அந்தப் பட்டையை அறுத்து வளைத்து மாட்டியவள் அத்தையேதான். விளிம்பை அரம் போட்டு மழுக்கியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

"ரெண்டும்தான் டீச்சர். நான் ஆசையா வெச்சதாலதான் தானா வந்திருக்கு" என்று வண்டிக்கு அடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

புதுக் குழாய் மாட்டி, பட்டையின் விளிம்பை மழுக்கி, ரப்பர் சுற்றி முடித்ததும் மூன்று பேருமாக மேடேறினார்கள். முள் தயங்காமல் மேலே போயிற்று. தோளில் கை விழவில்லை. வண்டி அவள் மறந்தே போயிருந்த வேகத்தில் இழுத்தது. பின்சீட்டில் மெக்கானிக் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும்க்கா, நம்பிட்டேன்" என்று கத்தியது அவள் காதில்கூட விழுந்தது.

அன்று மாலை அத்தை வீட்டைப் புதிதாகப் பார்த்தாள். வாசல் மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு பல்பு மினுக்கும். அலங்காரத்துக்கு என்று தம்பி சொல்லியிருந்தான். தம்பி மகள் எதையும் பக்கத்து அறையிலிருந்து சொல்ல மாட்டாள், எழுந்து வந்து முன்னால் நின்றுதான் சொல்வாள். நல்ல வளர்ப்பு என்று அத்தை பெருமைப்பட்டிருக்கிறாள். மேசையில் அவளுக்கு எப்போதும் வெளிச்சத்துக்கு முதுகு காட்டிய நாற்காலிதான் கிடைக்கும், மற்றவர்கள் முகத்திலெல்லாம் விளக்கு விழும். ஒவ்வொன்றாகப் புரியப் புரிய அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நன்றிதான் அதிகமாக இருந்தது. இவ்வளவு பேர், இவ்வளவு காலம், தான் நோகக் கூடாது என்று ஒரு வீட்டையே திருப்பி வைத்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் விளக்குக்கும் நன்றி சொல்லத் தோன்றியது. அதற்கு மட்டும்தான் அவள் மனம் நோகுமே என்ற தாட்சண்யம் இல்லை. அதுவும் இந்தப் பூசி மெழுகலில் சேர்ந்திருந்தால் எல்லோரும் காலம் முழுக்க இப்படியே இருந்திருப்பார்கள்.

அவள் தம்பியின் தோளைத் தட்டி, "பல்பு நல்லா இருக்குடா" என்றாள். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல் பல்பைப் பார்த்தான்.

மஞ்சள் விளக்கு வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, வரவில்லை. கம்ப்யூட்டர் தயார் என்றது. கடைசித் தவணைக்கு அத்தையும் டீச்சரும் சோதனை நிலையத்துக்குப் போனார்கள். வண்டியை உள்ளே வாங்கிக்கொண்டு அவர்களைக் காத்திருக்கும் கூடத்துக்கு அனுப்பினார்கள். பெரிய கூடம், வரிசை வரிசையாக நாற்காலிகள், கூரையில் ஒரு ஒலிபெருக்கி. முடிவு வர வர அதில் வண்டி எண்ணைக் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கிக்கு முகமும் இல்லை, உதடும் இல்லை.

"நீங்க ஒக்காருங்க அண்ணி, நான் கேட்டுச் சொல்றேன்" என்றாள் டீச்சர்.

அத்தை உட்காரவில்லை. நேராகக் கண்ணாடித் தடுப்புக்குப் போனாள். உள்ளே ஒரு இளம் குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தட்டினாள்.

"எனக்குக் காது சரியா கேக்காதும்மா" என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், வரிசையில் நின்றவர்கள் காதுபடவே சொன்னாள். "அந்த நீல வண்டி என்னோடது. முடிவு வந்தா மைக்ல சொல்றதோட எனக்குக் கொஞ்சம் கையும் காட்டிடு."

"எங்க ஒக்காருவீங்க?"

"இதோ, உன் முகம் தெரியுற இடத்துல."

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று அத்தைக்கே ஆச்சரியமாக இருந்தது.

கூடத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி ஏதேதோ எண்களைச் சொன்னது. டீச்சர் ஒவ்வொரு எண்ணுக்கும் நிமிர்ந்தாள், ஒவ்வொரு எண்ணுக்கும் சரிந்தாள். அத்தை கண்ணாடித் தடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, அத்தையைத் தேடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கட்டைவிரல்களைக் காட்டினாள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"தேறிடுச்சு" என்றாள் அத்தை.

"இன்னும் கூப்பிடவே இல்லையே அண்ணி" என்றாள் டீச்சர்.